வால் பிரித்த ஏழு மாதம்: 1946 பைப்பர் கப், டர்பன்

உள்ளே துருப்பிடித்த சட்டக் குழாயை மாற்ற, மூன்று வார வேலை என்று பிரித்த விமான வால், ஏழு மாதம் கழித்துத்தான் திரும்பக் கூடியது. அதில் பாதி நாள் காத்திருப்பில் போனது. மீதிப் பாதி, ஒரே வேலையை இரண்டு முறை செய்ததில் போனது. எது எங்கே பிசகியது என்பது மறக்கும் முன் எழுதி வைக்கிறேன்.

விமானம் பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் 1946-இல் செய்த பைப்பர் ஜே-3 கப். காண்டினென்டல் ஏ-65 எஞ்சின், 65 குதிரைத்திறன். உடல் எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் பாலியெஸ்டர் துணி. நிற்பது டர்பன் வடக்கில் விர்ஜீனியா விமான நிலையத்தில். ஓடுபாதையை ஒட்டியே இந்தியப் பெருங்கடல். ஹேங்கர் கதவைப் பூட்டினாலும் உப்பு உள்ளே வரும். ஸ்பேனரை மேசையில் விட்டுவிட்டு அடுத்த வாரம் வந்து பார்த்தால் துருப் பூ பூத்திருக்கும்.

கப் நிற்கும்போது மூக்கு மேலே, வால் கீழே. மழைநீர், கழுவும் நீர், இரவில் குழாய்மேல் படியும் ஈரம் எல்லாம் உருண்டு ஓடி டெயில் போஸ்டின், அதாவது சுக்கானைத் தாங்கும் கடைசிச் செங்குத்துக் குழாயின், அடியில்தான் சேரும். அதற்காகவே அங்கே வடிதுளை வைத்திருக்கிறார்கள். இந்த விமானத்தில் இடப்பக்கத் துளையை யாரோ முன்பு பெயின்ட் அடித்தே மூடியிருந்தார்கள். வலப்பக்கத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. துருவுக்கு அவ்வளவுதான் காரணம். மற்றதெல்லாம் அதன் விளைவு.

வெளியே தெரிந்த அடையாளம் சிறியது. டெயில் போஸ்டுக்கு ஒரு சாண் முன்னால், அடித்துணியில் தேநீர்க் கறை போல ஒரு பழுப்புக் கோடு. ஒரு ரேண்ட் நாணயத்தால் லாஞ்சரான் என்னும் நெடுக்குக் குழாய் நெடுக மெல்லத் தட்டினால், நல்ல குழாய் துணிக்குள்ளிருந்தே கணீரென்று பேசும். கோடு இருந்த இடத்தில் விரிசல் விட்ட பானை மாதிரி மந்தமான சத்தம். சிறு ஜன்னல் அளவுக்குத் துணியை வெட்டி, கூர்மையான குத்தூசியால் அழுத்தியதும் இரண்டு இடத்தில் உள்ளே இறங்கிவிட்டது. ப்ரைமர் தோல் மட்டும் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது, அதன் அடியில் உலோகம் இல்லை.

பிரிப்பதில் இரண்டு பிழை. முதலாவது, துணியை 60 செ.மீ. மட்டும் வெட்டியது. துரு அதைத் தாண்டிப் போயிருந்ததால் மறுபடி 35 செ.மீ. வெட்ட வேண்டியதாயிற்று, அதுவும் குறுக்குக் குழாய் இல்லாத இடத்தில் வெட்டு முடிந்தது. புதுத்துணியை ஒட்டக் கீழே ஒரு குழாய் வேண்டும். அந்தரத்தில் முடியும் வெட்டுக்குத் தையல் ஒட்டு போட நேரும். சந்தேகம் வந்தவுடனே அடுத்த குறுக்குக் குழாய் வரை, இரு லாஞ்சரான்களையும் ஒட்டி, ஒரே வெட்டாக எடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது பிழை, வாலைத் தாங்கும் இழுகம்பிகளின் மரையை எண்ணாமல் விட்டது. இந்தத் தட்டைக் கம்பிகளுக்கு ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை. கம்பியையே திருகினால் நீளும் அல்லது குறுகும். கழற்றும் முன் ஒவ்வொரு முனையிலும் ஃபோர்க் என்னும் கவைமுனைக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி, சீட்டெழுதிக் கம்பியிலேயே கட்டியிருக்க வேண்டும். கைபேசியில் படம் மட்டும் எடுத்தோம். படத்தில் மரையை எண்ண முடியவில்லை. பின்னால் ஸ்டெபிலைசரை (வாலின் கிடைத்தட்டை) மட்டம் பார்த்து நிறுத்த ஒன்றரை நாள் போனது இதனால்தான்.

சுக்கான், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் மடல்), ஸ்டெபிலைசர், வால்சக்கரத்தின் பட்டை ஸ்பிரிங் எல்லாம் கழன்ற பிறகு வால் மிக லேசாகிவிடும். முன்னால் யாராவது எஞ்சின்மேல் சாய்ந்தால் போதும், மூக்கு குத்தும். பின்சட்டத்தை ட்ரெஸ்டிலில் (தாங்குகாலில்) வெறுமனே வைக்காமல், அகலப் பட்டையால் கட்டி, ட்ரெஸ்டிலின்மேல் மணல்மூட்டை வைத்தோம்.

சட்டம் வெளியே வந்ததும் கம்பித் தூரிகையால் தேய்த்து, அல்ட்ராசோனிக் தடிமன் மானியால் சென்டிமீட்டருக்கு ஒரு தடவை அளந்தோம். குழாயின் வெளிவிட்டம் 5/8 அங்குலம், சுவர் 0.035 அங்குலம், அதாவது 0.89 மி.மீ. இடது கீழ் லாஞ்சரானில் 11 செ.மீ. நீளத்துக்கு 0.5 மி.மீ.க்கும் கீழே. டெயில் போஸ்டின் அடியில் 4 செ.மீ. ஏறத்தாழ இல்லவே இல்லை. வலது லாஞ்சரான் தப்பித்தது, அதுவும் மேல்துரு மட்டும். இந்த அளவுகளையெல்லாம் தாளில் வரைந்து ஆய்வாளரிடம் காட்டிய பிறகே வெட்ட ஆரம்பித்தோம். விமானம் தென்னாப்பிரிக்க விமான விதிகளில், வகைச் சான்றிதழ் இல்லாதவற்றுக்கான பகுதி 24-இன் கீழ் பறப்பதால், கையெழுத்துப் போடுபவர் அப்ரூவ்டு பெர்சன், நம் வழக்கில் ஏ.பி. சொந்தக்காரர் பிரிக்கலாம், தேய்க்கலாம், துணி ஒட்டலாம். குழாய்ச் சட்டத்தைப் பற்றவைக்கும் வேலை, அதற்குத் தகுதிபெற்ற வெல்டருடையது. துணி மூடும் முன் ஏ.பி. பார்த்தே ஆக வேண்டும்.

குழாய் மாற்றுவதில் முதலில் போட வேண்டியது சிலீவ் கணக்கு, அதாவது ஒட்டுக்கு வலுவூட்டும் உறைக்குழாயின் கணக்கு. 4130 குரோம்-மாலி எஃகுக் குழாய்களில் 0.058 அங்குலச் சுவருள்ளவை ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும். 3/4 அங்குலக் குழாயின் சுவர் 0.058 என்றால் உள்விட்டம் 0.634, வெளிவிட்டம் 0.625 உள்ள 5/8 குழாய்மேல் அது சரியாக உட்காரும். அதனால் வெளிச்சிலீவ் எளிது. உள்ளே சிலீவ் வைக்க நினைத்தால், 0.035 சுவருள்ள 5/8 குழாயின் உள்விட்டம் 0.555. அதற்குள் அரை அங்குலக் குழாய் லொடலொடவென்று ஆடும். அழகுக்காக உள்சிலீவை விரும்பியவர்கள் இந்த 0.055 இடைவெளியை வெல்டால் நிரப்பப் பார்க்க வேண்டாம். வெளிச்சிலீவின் இரு முனைகளையும் மீன்வாய் வடிவில் வெட்டினோம். வெல்ட் ஒரே வட்டத்தில் குழாயைச் சுற்றிவிட்டால், வளையும் சுமை அந்த வட்டத்திலேயே வந்து நிற்கும். மீன்வாய் வெட்டைத் தாளில் சுற்றி அச்செடுத்து, ரம்பத்தால் அறுத்து, அரைவட்ட அரத்தால் சீராக்கியது. ஒரு சிலீவுக்கு 40 நிமிடம்.

வெல்டிங் டிக் முறையில் (ஆர்கான் வாயுத் திரைக்குள் மின்வில்லால் பற்றவைப்பது), இஆர்70எஸ்-2 கம்பி. இங்கேதான் வேலை மூன்று முறை மாட்டிக்கொண்டது.

முதல் வெட்டு விழுந்ததும் குழாய்க்குள்ளிருந்து கரும்பழுப்பாக ஒன்று ஒழுகியது. என்றோ துருவைத் தடுக்க ஊற்றிய ஆளிவிதை எண்ணெய். துடைத்துவிட்டுப் பற்றவைத்தால் சரியாகும் என்று நினைத்தோம். சூடு ஏறியதும் எண்ணெய் உள்சுவரிலிருந்து கசிந்து எரிந்து, வெல்ட் முழுக்க ரவைச் சல்லடை மாதிரி நுண்துளை. அதை அரத்தால் முழுவதும் எடுத்துவிட்டு, குழாய்க்குள் அசிடோன் ஊற்றி மூன்று முறை அலசி, துணிச்சுருளைக் கம்பியில் கட்டி இழுத்து, ஓரிரவு திறந்து உலர விட்டோம். அசிடோன் ஆவி முழுக்கப் போகாமல் ஆர்க் அடித்தால் குழாயே துப்பாக்கியாகும். ஓரிரவு என்பது குறைந்தபட்சம்.

அடுத்தது, கடைசி ஒட்டு. இரு முனையும் மூடிய குழாயில் கடைசி சில மில்லிமீட்டரை மூடும்போது உள்ளே சூடான காற்றுக்குப் போக வழியில்லை. உருகிய உலோகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வெல்டர் இரண்டு முறை மூடினார், இரண்டு முறையும் ஊசித்துளை. பிறகு புதுக்குழாயில் 2.5 மி.மீ. துளை ஒன்று போட்டதும் வெல்ட் சலனமில்லாமல் மூடியது. அந்தத் துளை வீணும் இல்லை. பின்னால் எண்ணெய் ஊற்றியது அதன் வழியாகத்தான். வேலை முடிந்ததும் ஆணித்திருகு அடித்து மூடினோம்.

மூன்றாவது பிழைதான் விலை அதிகம். லாஞ்சரானை இடப்பக்கம் மட்டும் பற்றவைத்ததால், ஆறும்போது சுருங்கி டெயில் போஸ்டை 3 மி.மீ. இடப்பக்கம் இழுத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. சுக்கானின் கீல் புஷ்களுக்குள் ஒரே நீளக் கம்பி ஒன்றை மேலிருந்து கீழே விட்டபோது, கீழ்ப் புஷ்ஷில் இடித்து நின்றது. கீழ் ஒட்டை வெட்டிப் பிரித்து, இரும்பு ஆங்கிளில் ஒரு ஜிக் (அசையாமல் பிடிக்கும் தாங்கி) செய்து, டெயில் போஸ்டைக் கீல் புஷ்கள் வழியாகவே அந்தக் கம்பியில் கோத்து, கவ்விகளால் பூட்டி மறுபடி பற்றவைத்தோம். இந்த முறை இடமும் வலமும் மாற்றி மாற்றிச் சிறு புள்ளிகளாக. கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஜிக் செய்ய மூன்று மணி நேரம்தான் ஆனது, அதை முதலிலேயே செய்திருந்தால் வெல்டர் இரண்டாம் முறை வந்திருக்க வேண்டாம்.

4130 குழாயைப் பற்றவைத்த பின் அது தானாக ஆற வேண்டும். நீர் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றும் கூடாது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். விர்ஜீனியாவில் பகல் ஏற ஏறக் கடல்காற்றும் ஏறும், ஹேங்கர் கதவு திறந்திருந்தால் ஒட்டின்மேலேயே அடிக்கும். ஒரு பக்கம் சட்டென்று ஆறினால் அங்கே உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். ஆர்கான் வாயுத் திரையும் கலையும். காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்தோம், கதவை மூடிக்கொண்டு.

ப்ரைமரில் அவசரம் வேண்டும். அலுமினியம் ஆக்சைடு தூள் வீசித் துருவை எடுத்தோம், மெல்லிய சுவர் என்பதால் குறைந்த அழுத்தத்தில். பிப்ரவரி டர்பனில் வெறும் எஃகு ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் செம்மை பூசிக்கொள்ளும். தூள் வீசுவதும் ப்ரைமர் அடிப்பதும் ஒரே காலையில் முடிய வேண்டும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இரு பகுதி எப்பாக்சி ப்ரைமர்தான். ஒரு சின்ன குறுக்குக் குழாய்க்கு மட்டும் மீந்திருந்த ஒற்றை டப்பா ரெட் ஆக்சைடை அடித்தோம், சோம்பல்தான் காரணம். பின்னால் துணி ஒட்டும் பசையிலிருந்த எம்.இ.கே. கரைப்பான் அதைச் சுருட்டிக் கிளப்பிவிட்டது. துணிப்பசை படும் எந்த இடத்திலும் எப்பாக்சி தவிர வேறு வேண்டாம்.

உள்ளே: காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் 60 மி.லி.யைச் சூடாக்கி, ஊசிக்குழலால் அந்த 2.5 மி.மீ. துளை வழியாக ஏற்றி, துளையை விரலால் மூடிச் சட்டத்தை எல்லாப் பக்கமும் சாய்த்து, பிறகு வடியவிட்டோம். 45 மி.லி. திரும்பி வந்தது. எண்ணெய் துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும். நீர் வாளியில் முக்கிவிடுங்கள்.

பிறகு மே வரை காத்திருப்பு. துணி போர்த்துவதற்கான பாலி-ஃபைபர் பொருட்கள் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். துணியும் டேப்பும் எப்படியும் வரும். பசையும் பெயின்ட்டும் தீப்பற்றும் சரக்கு என்பதால் கப்பலில், ஆபத்துச் சரக்குக் கட்டணத்தோடு. தாமதம் ஒருவிதத்தில் நல்லதுதான். கோடை ஈரத்தில் இந்தப் பூச்சுகள் வெளிறும். ஜூன், ஜூலை வறட்சியில் வேலை செய்வதே சுகம்.

அடிப்பகுதிக்கும் சுக்கானுக்கும் 2.7 அவுன்ஸ் துணி. சுக்கானை முழுவதும் புதிதாகவே போர்த்தினோம். குழாய்மேல் பாலி-டாக் பசை, துணிமேல் துணி படியும் ஒட்டு முன்விளிம்பில் 2 அங்குலம், மற்ற இடத்தில் 1 அங்குலம். பழைய துணிமேல் ஒட்டும் இடத்தில் மேல்வண்ணத்தையும் வெள்ளிப்பூச்சையும் எம்.இ.கே. தொட்ட துணியால் பாலி-பிரஷ் என்னும் அடிப்பூச்சு அடுக்கு தெரியும் வரை எடுத்தாக வேண்டும். வண்ணத்தின்மேல் பசை பிடிக்காது, பிடித்த மாதிரி நடிக்கும்.

துணியை இறுக்குவது வீட்டு இஸ்திரிப் பெட்டியால். இந்த வேலையில் ஒரே ஒரு கருவிக்கு நேரம் செலவிட முடியுமென்றால் அது இதற்குத்தான். முதல் சுற்று 121 டிகிரி செல்சியஸ், இறுதிச் சுற்று 177. கையேட்டில் 250, 350 ஃபாரன்ஹீட் என்றிருக்கும். 177-ஐத் தாண்டினால் துணி இறுகுவதற்குப் பதில் தளரத் தொடங்கும், அதன்பின் அதை மீட்க வழியில்லை. பெட்டியின் குமிழில் உள்ள எண்களை நம்பவே கூடாது. நாங்கள் நம்பியது அதைவிட மோசமானதை: அகச்சிவப்பு வெப்பமானி. பளபளக்கும் அடித்தட்டு வெப்பத்தை ஒழுங்காக உமிழாது, கருவி குறைத்தே காட்டும். திரையில் 121 வரும்வரை குமிழைத் திருகிக்கொண்டே போய், ஒரு பழைய படச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய சோதனைத் துணிமேல் வைத்தோம். அப்பளம் மாதிரி சுருண்டது. விமானத்தின்மேல் வைக்காமல் போனது புண்ணியம். பிறகு வெப்ப இரட்டை மானியின் முனையை ஹீட்சிங்க் பசை தடவி அடித்தட்டில் அழுத்திப் பிடித்து, குமிழில் 121-க்கும் 177-க்கும் நெயில் பாலிஷால் கோடு போட்டோம். தெர்மோஸ்டாட் அணைந்து அணைந்து எரிவதால் ஒரே குமிழ் நிலையில் பத்துப் பதினைந்து டிகிரி ஊசலாடும். அதன் உச்சிதான் 177 ஆக இருக்க வேண்டும், சராசரி அல்ல.

சுக்கானின் ரிப்களில், அதாவது விலாச் சட்டங்களில், துணியைக் கட்டுவது: ரிப் அகலத்துக்கு வலுவூட்டு டேப், மேலே மெழுகுநூல், ஒவ்வொரு கட்டுக்கும் திருத்திய ‘சீன்’ வலைமுடிச்சு. இடைவெளியைப் புதிதாகக் கணக்கிடவில்லை. பழைய துணியைக் கிழிக்காமல் தோலாக உரித்து வைத்திருந்ததால், துளைகளைப் பென்சிலால் அப்படியே படியெடுத்தோம். முனைகளில் மட்டும் பாதி இடைவெளி. முடிச்சு ரிப்பின் ஓரத்தில் உட்காரட்டும், நடுவில் உட்கார்ந்தால் டேப்புக்கு மேலே கொப்புளம் போலத் தெரியும்.

பாலி-பிரஷ் முதல் கை தூரிகையால், மூன்று பங்குக்கு ஒரு பங்கு ரெட்யூசர் (நீர்க்கச் செய்யும் கரைப்பான்). இழைக்குள் இறங்க வேண்டும், ஆனால் மறுபக்கம் சொட்டக் கூடாது. சொட்டினால் உள்ளே மணிமணியாக உறைந்து நிற்கும். ஜூலை இறுதியில் ஒரு நாள் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று இறங்கியது. காலையில் 16 டிகிரி, பதினொரு மணிக்கு 31. ஆர் 65-75 ரெட்யூசர் அந்த வெயிலுக்குத் தாங்கவில்லை. தெளித்த பூச்சு துணியைத் தொடும் முன்பே காற்றில் உலர்ந்து, மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு. 400 எண் உப்புத்தாளால் ஒரு மாலை முழுக்கத் தேய்த்தோம், தேய்க்கும்போது ரிப் விளிம்புகளை விட்டுவிட்டு. வெயில் நாளுக்கு உலர்வதைத் தாமதிக்கும் ரெட்யூசர் தனியாக உண்டு, ஒரு டப்பா கூட வாங்கியிருக்க வேண்டும். வானிலை அறிக்கையில் பெர்க் காற்று என்று பார்த்தால் அன்றைக்குப் பெயின்ட் வேண்டாம்.

வெள்ளிப்பூச்சான பாலி-ஸ்ப்ரே வெயிலைத் தடுப்பதற்கு, அழகுக்கு அல்ல. மூன்று குறுக்குக் கைகள்: ஒரு கிடை, ஒரு நெடு சேர்ந்தால் ஒரு குறுக்குக் கை. போதுமா என்று பார்க்க, இரவில் ஹேங்கர் விளக்கை அணைத்துச் சுக்கானின் ஒரு பக்கம் கைவிளக்கைப் பிடித்து மறுபக்கம் பார்த்தோம். ரிப் விளிம்பில் ஒரு கோடு ஒளி தெரிந்தது, அங்கே மட்டும் மறுபடி. மேல்வண்ணம் லாக் ஹேவன் மஞ்சள் பாலி-டோன். விமானத்தின் மற்ற பகுதி வெளுத்துப்போயிருப்பதால் வால் மட்டும் புதுத் தாலிக்கயிறு மாதிரி நிற்கிறது.

வடிதுளை: கீழ்ப்புள்ளி எது என்று துணி ஒட்டுவதற்கு முன்பே, வாலை நிற்கும் நிலைக்கு இறக்கி, அடியில் ஒரு கோப்பை நீரை விட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். பழைய துளை இருந்தது அதற்கு 4 செ.மீ. முன்னால்! அதாவது திறந்தே இருந்திருந்தாலும் கொஞ்சம் நீர் தேங்கியிருக்கும். இப்போது இருபக்கமும் முகடு வைத்த கடல்விமான வகை குரோமெட் (துளையைச் சுற்றி ஒட்டும் வளையம்), வாய் பின்பக்கம் பார்த்து. முன்பக்கம் பார்த்து ஒட்டினால் காற்று நீரை உள்ளே தள்ளும். துளையைக் கத்தியால் வெட்டாமல் கூர்முனை சால்டரிங் இரும்பால் சுட்டால் விளிம்பு உருகி மூடிக்கொள்ளும், இழை பிரியாது.

பூட்டிய பின் எடை. வாலில் கூடியது 680 கிராம்: சிலீவ்கள், ப்ரைமர், தாராளமாகப் போன வெள்ளிப்பூச்சு. அற்பமாகத் தெரியும். ஆனால் அது விமானத்தின் ஈர்ப்பு மையத்திலிருந்து சுமார் 4.7 மீட்டர் பின்னால் இருக்கிறது. வெற்று எடை 348 கிலோ. மையம் 9 மி.மீ. பின்னால் நகர்ந்துவிடும். எடைச் சமநிலைத் தாளைப் புதிதாக எழுதினோம். சுக்கான் கேபிள், எலிவேட்டர் இணைப்பு எல்லாவற்றுக்கும் ஏ.பி. பார்த்த பிறகு இன்னொருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

வால் பிரிந்திருந்த நாட்களில் இறக்கைத் தாங்கிகளையும் பார்த்துவிட்டோம், அதே நீர் அங்கேயும் அடிமுனையில்தான் தேங்குகிறது. பைப்பர் தாங்கிகளுக்கான அமெரிக்க உத்தரவு 99-01-05, பின் அதன் இடத்தில் வந்த 2015-08-04, இரண்டும் இந்தத் துருவைப் பற்றியவை. மூடி அடைக்காத பழைய தாங்கி என்றால் 24 மாதத்துக்கு ஒரு முறை சோதனை. எங்களுடையது தேறியது. அடுத்த முறை சோதிப்பதற்குப் பதில் அடைத்த வகை வாங்கிவிடுவது என்று முடிவு.

செலவு ரேண்டில்: குழாயும் வெல்டிங் கம்பியும் 2,350, வெல்டர் இரண்டு வருகைக்கு 7,800, தூள் வீச்சும் எப்பாக்சியும் 3,100, துணி, பசை, பூச்சுகள், கப்பல் கட்டணத்தோடு 21,400, போல்ட், கோட்டர் பின், குரோமெட் 1,650, ஏ.பி. இரண்டு ஆய்வு 4,500. மொத்தம் 40,800. கைவேலை 118 மணி. ஜிக் முதலிலேயே இருந்திருந்தால் வெல்டர் செலவில் பாதியும், எண்ணெயைச் சரியாக அலசியிருந்தால் இரண்டு நாளும், மரையை எண்ணியிருந்தால் ஒன்றரை நாளும் மிச்சம்.

துரு தடுக்கும் எண்ணெய்த் தெளிப்பானை வால் உட்பகுதியில் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: துணியுள்ள விமானத்தில் வேண்டாம். அது ஊர்ந்து துணி ஒட்டுக்குள் போகும், அடுத்த முறை துணி ஒட்டும்போது பசை பிடிக்காது. உப்பைப் போக்க மாதம் ஒரு முறை நல்ல நீரில் கழுவி, வாலை ட்ரெஸ்டிலில் ஏற்றாமல் நிற்கும் நிலையிலேயே வடியவிட்டு, இரு துளைக்குள்ளும் பஞ்சுக்குச்சி நுழைத்துப் பார்க்கிறோம்.

செப்டம்பரில் முதல் பெருமழைக்குப் பிறகு வலப்பக்கக் குச்சி வெள்ளையாகவே வந்தது. இடப்பக்கத்தில் கொஞ்சம் கடல்மணல்.